பத்து விநாடிக் கார்

அத்தியாயம் 11

ராஜம்மாள் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வருகிறவள் இல்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள். அது மாமனார் தவறிய அன்று. ஆகையால் அந்த மாசி மாதக் காலையில், கையில் டிபன் கேரியரோடு அவள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வேகமாக வருவதைக் கண்டதும், கோதண்டராமன் வண்டி துடைத்துக்கொண்டிருந்த துணியை பானெட்டின் மேல் போட்டுவிட்டு எதிரே நடந்தார்.

"யாருக்கு இன்னா?"

"ஆளுங்களுக்கு ஒன்னும் இல்லீங்க. படம் எடுக்க ஒரு புது காரு வந்துதே, அத லாரியிலருந்து எறக்கச்சொல்ல பலகை சறுக்கிடுச்சு. அடியில கல்லு இடிச்சு ஆயிலெல்லாம் ரோட்டுல ஊத்துது. மூட்டையக் கட்டுங்கன்றாங்க. திரௌபதி ஓரமா நிக்குது, வாயத் திறக்கல."

கோதண்டராமன் கேரியரைப் பார்த்தார்.

"நீ எதுக்கு அங்க போன?"

"இட்லி குடுக்க."

மூன்று நாளாகக் காலை நேரத்தில் வீட்டில் கேரியர் காணாமல் போவது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கேட்டால் மகளைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை. மகளோடு அவர் பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

திரௌபதிக்கு இருபத்து நாலு வயது. மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, வடபழனியில் விளம்பரப் படங்களுக்குச் சித்திரம் போட்டு அதை ஓடவைக்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் போளூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. வேலையை எப்போது விடுவதாக உத்தேசம் என்று பையனின் தகப்பனார் கேட்டபோது, காபித் தட்டோடு நின்றிருந்த திரௌபதி, விடுவதாக இல்லை என்று அமைதியாகச் சொன்னாள். காபி ஆறிப்போனது. வந்தவர்கள் எழுந்துகொண்டார்கள்.

அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனதைக்கூடக் கோதண்டராமன் பொறுத்திருப்பார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே போளூர்க்காரர், அப்படி என்ன வேலைங்க அது என்று விசாரித்தார். கோதண்டராமனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பொம்மை போடறா என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெற்ற மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத தகப்பனாக வாசலில் நின்றோமே என்ற கோபத்தை அவர் மகள் மேலேயே இறக்கிவைத்தார்.

இப்போது அவள் சொந்த ஊருக்கே கார் விளம்பரம் எடுக்க ஒரு கூட்டத்தோடு வந்து லாட்ஜில் தங்கியிருந்தாள். கம்பெனிக்கு டாக்ஸி வேண்டும் என்று ஸ்டாண்டுக்கு ஆள் வந்தபோது, தனக்கு ஆசிரமத்துச் சவாரி இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரான ஆதிமூலத்தை அனுப்பிவைத்தார் கோதண்டராமன்.

"அந்த இடத்தப் பார்த்துச் சொன்னது நம்ம பொண்ணுதான்" என்றாள் ராஜம்மாள். "இவ பேச்சக் கேட்டு இங்க வந்தோம் பாருன்னு ஒருத்தரு சொல்றாரு. நான் பக்கத்துலயே நிக்கிறேன், என்னை யாருன்னு தெரியாம சொல்றாரு."

கோதண்டராமன் வண்டியின் முன்கதவைத் திறந்தார்.

"ஏறு" என்றார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, மலையைச் சுற்றிப் பிரிந்து போகிற சாலையில் ஒரு பர்லாங் நேராக ஓடும் இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று பார்த்தால் சாலையின் கோடியில் மலை முழுசாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில்தான் லாரி நின்றிருந்தது. பக்கத்தில் பளபளவென்று சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார். அதன் பெயர் சாரிகா. இன்னும் கடைக்கு வராத வண்டி. அதற்கு அடியிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்து ஓரத்து மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

டைரக்டர் மூர்த்தி தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கார் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி சக்கரபாணி, கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, வண்டியைத் திரும்ப ஏற்றச் சொல்லி லாரிக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். திரௌபதி புளியமரத்தடியில் நின்றிருந்தாள். மஞ்சள் பருத்திப் புடவை. தோளில் துணிப்பை. அப்பா வருவதைக் கண்டும் அவள் அசையவில்லை.

கோதண்டராமன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ராஜம்மாளிடம் கொடுத்துவிட்டு, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது அவருடைய நெற்றியிலும் மார்பிலும் எண்ணெய் அப்பியிருந்தது.

"எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டி வாயப் பொளந்துகிட்டு கெடக்குது" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அப்புறம் மகளைப் பார்த்தார். "இது இன்னைக்கு ஓடாது."

பதினான்கு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஓட வேணாம்பா" என்றாள் திரௌபதி. "நகர்ந்தா போதும்."

அவருக்குப் புரியவில்லை. மூர்த்திக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

திரௌபதி துணிப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். உள்ளங்கை அகலக் காகிதங்கள், நூறு இருக்கும், ஓரத்தில் கிளிப் போட்டுச் சேர்த்தவை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கார். கட்டை இடது கையில் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் ஓரத்தைச் சர்ரென்று விட்டாள். கோடுகளால் ஆன அந்தக் கார் மலை அடிவாரத்திலிருந்து புறப்பட்டு வளர்ந்துகொண்டே வந்து காகிதத்தின் விளிம்பில் மறைந்தது.

கோதண்டராமன் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை விடச் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவளே இன்னொரு தடவை விட்டாள்.

மொத்த விளம்பரமே பத்து விநாடிதான் என்று அவள் விளக்கினாள். சாலையில் முதலில் பென்சில் கோட்டால் வரைந்த கார் ஒன்று வரும். ஓட ஓட அதற்கு உடம்பு வரும், நிறம் வரும். கடைசியில் நிஜமான சிவப்புக் காராகப் பார்க்கிறவர்களைத் தாண்டிப் போகும். அதற்காக ஓடுகிற காரை முதலில் படம் பிடித்து, பிறகு அதில் ஒவ்வொரு படத்தின் மேலும் அவள் கோடு இழுத்துச் சேர்ப்பதாகத்தான் ஏற்பாடு. விநாடிக்கு இருபத்து நாலு படம் என்றால் பத்து விநாடிக்கு இருநூற்று நாற்பது.

"காரு ஓடுனா காமெரா ஓடணும். காரு ஓடலன்னா காமெராவையும் நிறுத்தி வெச்சிடலாம் சார். ஒரு முழம் தள்ளுவோம், ஒரு படம் எடுப்போம். திரும்ப ஒரு முழம். இருநூத்தி நாப்பது முழம். திரையில போட்டா ஓடும்."

மூர்த்தி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்தால் ஆறு மணி நேரமாவது ஆகும், அதற்குள் வெயில் சாய்ந்து நிழலெல்லாம் இடம் மாறிவிடும், படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்றார்.

"மாறட்டும் சார்" என்றாள் அவள். "பத்து விநாடிக்குள்ள மரத்து நிழல் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போவும். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் காரு நிக்காம ஓடுன மாதிரி இருக்கும். நாம வரைஞ்சாகூட அப்படி வராது. ஆனா நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா நிழல் குதிச்சிடும்."

மூர்த்தி சாலையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

சக்கரபாணிக்குத்தான் மனசில்லை. காரைத் தள்ளிப் படம் எடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் கம்பெனியின் மானம் என்னாவது என்று கேட்டார். நேற்று தொழிற்சாலையில் ஓடிய கார்தானே, தொட்டியை மாற்றினால் நாளையும் ஓடப்போகிற கார்தானே என்று மூர்த்தி சமாதானம் சொன்னார். நாலரை மணிக்கு வண்டி லாரியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சக்கரபாணி தலையசைத்தார்.

தள்ள ஆள் வேண்டுமே. ஆதிமூலம் தன் டாக்ஸியில் ஸ்டாண்டுக்குப் போய்க் கால் மணியில் மூன்று டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். திரௌபதி ஒரு முழ நீளத்துக்குக் குச்சி நறுக்கிக்கொண்டு, காமெராவுக்குத் தெரியாத பக்கமாகச் சாலையோரத்தில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். குனிந்து குனிந்து இருநூற்று நாற்பது கோடு. கோதண்டராமன் நின்று பார்த்தார். ஒரு கோடுகூடச் சாயவில்லை.

ஸ்டியரிங்கில் உட்காரக் கம்பெனி ஒரு இளைஞனைக் கொண்டுவந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி, அழகான பல்வரிசை. தள்ளுகிற ஆட்கள் கையை எடுத்த பிறகு அவன் பிரேக்கை மிதித்தான். முதல் ஒத்திகையில் கார் கோட்டைத் தாண்டி இரண்டு சாண் போய் நின்றது. அடுத்த தடவை கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. மூன்றாவது தடவை சக்கரம் கோணிக்கொண்டது. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

திரௌபதி அப்பாவிடம் வந்தாள். மகளாக வந்தாளா வேலை விஷயமாக வந்தாளா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை.

"ஒவ்வொரு முழத்துலயும் கரெக்டா நிறுத்த உங்களால முடியுமாப்பா? இருநூத்தி நாப்பது தடவ."

"கோடு எங்கருந்து ஆரம்பிக்குதுன்னு காட்டு" என்றார் கோதண்டராமன்.

கண்ணாடியில் வானம் பளபளப்பதால் உள்ளே இருப்பவரின் முகம் படத்தில் தெரியாது, ஸ்டியரிங்கின் மேல் இருக்கிற இரண்டு கைகள் மட்டும் தெரியும் என்று அவள் சொன்னாள். அந்த இளைஞன் நல்லவன். தன் கைக்கடிகாரத்தைத் தானே கழற்றி அவருக்குக் கட்டிவிட்டான். கைகளை வைத்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது. இடையில் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய உத்தரவு.

பத்து மணிக்கு முதல் படம்.

மலையின் பக்கமிருந்து நாலு பேர் தள்ளினார்கள். முன்சக்கரம் கோட்டைத் தொடுவதற்கு அரை விரல் இருக்கும்போதே கோதண்டராமன் பிரேக்கில் கால் வைத்தார். கார் கோட்டின் மேல் நின்றது. நாலு பேரும் காலடித் தடத்தைக் கலைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கி மறைந்தார்கள். திரௌபதி குடையின் கீழ் நின்று கையை உயர்த்தினாள். காமெரா டக் என்றது. கையை இறக்கினாள். பள்ளத்திலிருந்து நாலு பேரும் ஏறி வந்தார்கள்.

முதல் இருபது படத்துக்கு எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது. நாற்பதுக்கு மேல் சிரிப்பு அடங்கியது. ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டு மந்தை ஒன்று வந்தது. திரௌபதி குரலை உயர்த்தாமல் ஆடு மேய்க்கிறவளிடம் போய் ஏதோ சொன்னாள். மந்தை வயல் வழியாகத் திரும்பிப் போனது.

கோதண்டராமனுக்குக் கண்ணெதிரே அவளைத் தவிரப் பார்க்க வேறெதுவும் இல்லை. முப்பது வருஷமாக அவர் எத்தனையோ பேரிடம் உத்தரவு வாங்கியிருக்கிறார். போலீஸ்காரர்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள், பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவர்கள். இவள் அப்படி யாரையும் விரட்டவில்லை. தள்ளுகிற நாலு பேருக்கும் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி அண்ணா என்று கூப்பிட்டாள். பத்துப் படத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு படம் எடுத்ததும் சிலேட்டில் எண்ணை மாற்றினாள், நோட்டில் நேரம் எழுதினாள். காமெராக்காரர் ஒரு தடவை சந்தேகமாக எதையோ கேட்டபோது, டைரக்டரைத் தாண்டி இவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

தொண்ணூறாவது படம் எடுக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கைகளை எடுக்காமல் தோளை மட்டும் அசைத்துக்கொண்டார். மனசுக்குள் ஏதோ நிறைந்துகொண்டே வந்தது. அந்தப் போளூர்க்காரர் இப்போது இந்த ஜன்னலருகே வந்து நின்று கேட்டால் அரை மணி நேரம் பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. தள்ளுகிறவர்கள் பள்ளத்தில் இறங்கிய நேரத்தில் ஆளுக்கு இரண்டு உருண்டை புளிச்சோறு வாயில் போட்டுக்கொண்டார்கள். ராஜம்மாள் காரின் ஜன்னல் ஓரமாக வந்து கணவருக்கு மோர் புகட்டினாள். அவர் கையை எடுக்காமல் குடித்தார்.

"பார்த்தீங்களா உங்க பொண்ண" என்றாள்.

"ஒத்து, ஒத்து. மறைக்கற" என்றார் அவர்.

நூற்று அறுபத்தெட்டாவது படம் முடிந்தபோது மணி இரண்டு இருபது. லாட்ஜிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து சக்கரபாணியிடம் துண்டுக் காகிதம் கொடுத்தார். அதைப் படித்த சக்கரபாணி நேராகச் சாலையின் நடுவே வந்து நின்றுவிட்டார். தலைமை ஆபீஸிலிருந்து டிரங்க் கால் வந்திருக்கிறது. அடிபட்ட காரைப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது, உடனே ஏற்றி அனுப்பு, விளம்பரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

இன்னும் எழுபத்திரண்டு படம்தான் பாக்கி, ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுங்கள் என்று திரௌபதி கேட்டாள். இப்போது நிறுத்தினால் காலையிலிருந்து எடுத்த அத்தனையும் குப்பைக்குத்தான் போகும் என்றாள். தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் சக்கரபாணி. பொய்யும் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அவர் காரின் ஜன்னலுக்கு வந்தார்.

"எறங்குங்க பெரியவரே. முடிஞ்சிடுச்சு."

கோதண்டராமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எறங்கச் சொல்லட்டும், எறங்கறேன்."

"நான் கம்பெனி ஆளு. சொல்றேன் இல்ல."

"உங்களுக்கு வண்டி சொந்தம். வேல அதோடது" என்றார் கோதண்டராமன். "காலையில பத்து மணிக்கு நின்ன பொண்ணு இன்னும் உக்காரல. பத்து விநாடி படத்துக்கு இருநூத்தி நாப்பது கோடு போட்டு, நாலு பேர வெச்சுத் தள்ளி, நிழல் எங்க விழுதுன்னு வரைக்கும் கணக்கு வெச்சிருக்குது. இதுக்கு மேல ஒருத்தரு இன்னா பண்ணணும்?"

சக்கரபாணி அவரை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் காய்ந்த எண்ணெய், கையில் வேறொருவரின் கடிகாரம்.

"நீங்க யாரு?"

"அதோட அப்பா" என்றார் கோதண்டராமன். சத்தமாகத்தான் சொன்னார்.

குடையின் கீழிருந்த திரௌபதி சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மூர்த்தி சக்கரபாணியின் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். போஸ்ட் ஆபீஸ் போய்த் தலைமை ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டு நேரிலேயே பேசிவிடுங்கள், அவர்கள் மறுபடியும் நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுகிறோம் என்றார். சக்கரபாணி சாலையில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வெயிலில் மலை. அவரும் காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணும் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்.

"நான் பேசிட்டு வர வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆதிமூலத்தின் டாக்ஸியில் ஏறினார்.

டிரங்க் கால் என்றால் பதிவு செய்துவிட்டுப் பெஞ்சில் காத்திருக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆதிமூலம் அவரைப் பெரிய தேர்வீதி வழியாகச் சுற்றித்தான் கூட்டிப்போனதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

ஆதிமூலம் போனதில் தள்ளுவதற்கு ஒரு ஆள் குறைந்தது. மூர்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கும்போதே ராஜம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றாள். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை மூட்டை தூக்கி வளர்ந்தவள். மற்ற மூன்று டிரைவர்களும் தயங்கி நின்றார்கள்.

"இன்னா பாக்கறீங்க, தள்ளுங்க" என்றாள்.

கார் நகர்ந்தது. திரௌபதி கையை உயர்த்தினாள். நூற்று அறுபத்தொன்பது.

மணி நாலே காலுக்குக் காரின் மூக்கு காமெராவைத் தாண்டியது. இருநூற்று நாற்பது என்று சிலேட்டில் எழுதிவிட்டு, திரௌபதி குடையின் காம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் தாகம். காமெராக்காரர் மட்டும் அவளிடம் வந்து, இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோதண்டராமனால் உடனே இறங்க முடியவில்லை. விரல்கள் மடங்கிய வாக்கிலேயே நின்றிருந்தன. ராஜம்மாள் கதவைத் திறந்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள்.

சக்கரபாணி திரும்பி வந்தபோது கார் லாரியின் மேல் இருந்தது. லைன் கிடைத்ததே நாலு மணிக்குத்தான் என்றார். மேலிடத்தில் கோபம் இன்னும் தணியவில்லை. இருபது நாளைக்குள் முடித்த படத்தைக் கொண்டுவந்து காட்டட்டும், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டு அவர் திரௌபதியின் அருகே வந்து, காலையில் அவள் பேச்சைக் கேட்டு வந்ததாகத் தான் குறை சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் சரி சார் என்றாள்.

தகர டப்பாவில் அடைத்த படச்சுருள் மறுநாள் காலையில் மெட்ராஸ் லேபில் இருந்தாக வேண்டும். கம்பெனி வேன் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த நாள்தான் புறப்படும். பஸ்ஸில் கொண்டுபோகிறேன் என்று திரௌபதி சொல்லிக்கொண்டிருக்கையில் கோதண்டராமன் தன் வண்டியைக் கொண்டுவந்து அவள் எதிரே நிறுத்தினார்.

"முன்னால ஒக்காரு. பின்னால தூக்கிப் போடும், டப்பாவுக்கு ஆகாது" என்றார்.

ராஜம்மாள் தானும் வருவதாகச் சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி அவலூர்ப்பேட்டை ரோட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. திரௌபதி தகர டப்பாவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா கேட்டார், இனிமேல் இதில் எத்தனை படத்துக்குக் கோடு போடணும் என்று. முதல் நூற்றைம்பதுக்குப் போட வேண்டும், அதற்கு மேல் நிஜக் கார்தான் என்றாள். ஒன்றுக்கு எத்தனை நேரம் ஆகும் என்றார். அவள் சொன்னாள். அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, அப்ப நீ எப்ப தூங்கறது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு மாதத்துச் சேதியை அவர் இப்படித்தான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியபோது திரௌபதி, வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது என்றாள்.

"பம்பாயில ஒரு ஸ்டூடியோ இருக்குது. நம்ம படத்துல கோட்டையும் காரையும் ஒன்னா சேர்க்கற மெஷின் அங்கதான் இருக்குது. அந்த மெஷின்ல வேல கத்துக்க ஒரு வருஷம் வர்றியான்னு கேக்கறாங்க. தெற்கேயிருந்து ஒருத்தரதான் எடுக்கறாங்களாம். திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்."

கோதண்டராமன் சாவியைத் திருகாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

"வேணாம்" என்றாள் ராஜம்மாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினான்கு மாதமாகக் கணவருக்குத் தெரியாமல் யாரையாவது பிடித்து மகளுக்குக் கடிதம் எழுத வைத்து, ஊறுகாய் அனுப்பி, லாட்ஜுக்கு இட்லி சுமந்தவள். மதியத்திலிருந்து கார் தள்ளிய உள்ளங்கை சிவந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

"மெட்ராஸுன்னா அஞ்சு மணி நேரம். ஒடம்பு சரியில்லன்னா நான் ஓடியாருவேன். பம்பாய்க்கு எப்படி ஓடியாருவேன்? பாஷை தெரியுமா எனக்கு? இத்தன நாளு உன் பக்கம் நின்னேன், இல்லன்னு சொல்லல. இதுக்கு நிக்க மாட்டேன்."

திரௌபதி அம்மாவோடு வாதாடவில்லை. டப்பாவின் மூடியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கப்பா."

அவள் படிப்பு, அவள் கல்யாணம், அவள் வேலை என்று எல்லாவற்றுக்கும் கேட்காமலே அபிப்பிராயம் சொல்லிப் பழகிய மனிதர் அவர். அவளாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. நேற்றுக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். இன்றைக்கு, ஆறு மணி நேரம் அவள் வேலை செய்வதை எதிரே உட்கார்ந்து பார்த்த பிறகு, அந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. போகச் சொல்லலாம் என்றால், பின்னால் அவருடைய மனைவி முந்தானையால் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமி நின்று, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"திண்டிவனம் வரட்டும், சொல்றேன்" என்றார். "அது வரைக்கும் ரெண்டு பேரும் என்னைக் கொஞ்சம் யோசிக்க விடுங்க."

அவள் தலையசைத்தாள். மடியில் இருந்த டப்பா குலுங்காதபடி ஒவ்வொரு பள்ளமாக ஒதுக்கிக்கொண்டு, கோதண்டராமன் செஞ்சியை நோக்கி வண்டியை விட்டார்.